ஓரடி முன்னால்

சமையலறைக் கதவுக்குள் சிவராஜ் பக்கவாட்டில்தான் நுழைவான். இடது தோளை முதலில் உள்ளே விட்டு, மூச்சை லேசாக இழுத்துப் பிடித்து, வலது தோளைப் பின்னாலேயே கூட்டிக்கொண்டு வருவான். கல்கத்தாவின் பெஹாலாவில் அந்த இரண்டு அறை வீட்டின் கதவுகளெல்லாம் சாதாரண மனிதர்களுக்காக வைக்கப்பட்டவை. சிவராஜ் சாதாரண மனிதன் இல்லை என்பது அந்தப் பேட்டைக்கே தெரியும்.

இன்று காலையும் அப்படித்தான் நுழைந்தான். நின்றபடியே அவித்த முட்டையை மேடையில் ஒரு தட்டு தட்டினான்; உள்ளங்கையில் வைத்து ஓர் உருட்டு. சட்டை கழன்று விழுவதுபோல ஓடு மொத்தமும் கழன்று விழுந்தது. முன்பெல்லாம் வெள்ளைக்கரு அவனுக்கு, மஞ்சள்கரு வாசலில் காத்திருக்கும் தெருநாய் பேலுவுக்கு. இப்போது இரண்டையும் அவனே தின்றுவிடுகிறான். பேலு இளைத்துப் போய்விட்டது.

"ஏனுங்க, இன்னும் எதுக்குங்க பக்கவாட்டுல வர்றீங்க? நேரா வந்தாலே எடம் இருக்குதே!" என்று பூர்ணிமா சிரித்தாள்.

சிவராஜ் திரும்பிக் கதவைப் பார்த்தான். நிஜம்தான். ஆளுக்கும் நிலைக்கும் நடுவே தாராளமாக வெளிச்சம் தெரிந்தது.

"பழகிப்போச்சு கண்ணு" என்றான். பிறகு அந்த மெலிந்த தோளைத் தானே ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான்.

அந்தத் தோளைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். துறைமுக வேலைக்காகப் பவானியிலிருந்து கல்கத்தா வந்த பரமசிவத்தின் ஒரே மகன் சிவராஜ். பகலில் கிதிர்பூர் பக்கம் ஒரு கிடங்கில் வேலை. மாலையானால் பேட்டை இளைஞர்களின் உடற்பயிற்சி மன்றத்தில் அவன்தான் ராஜா. வங்காளிப் பிள்ளைகளுக்கு அவன் 'ஷிபுதா', அதாவது ஷிபு அண்ணன். அவன் புஜத்தை மடக்கினால் சட்டைக் கை கிழியும். அதற்காகவே அம்மா அருக்காணி அவன் சட்டைகளின் கையை ஒட்ட வெட்டி, மடித்துத் தைத்து வைத்திருப்பாள். தெருவில் அவன் நடந்தால் குரங்குக் குல்லாய் போட்ட தாத்தாமார்கள்கூட நிமிர்ந்து நடக்க ஆரம்பிப்பார்கள்.

ஒவ்வொரு குளிர்காலத்திலும் மன்றத்தில் ஆணழகன் போட்டி நடக்கும். மேடையில் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டதும், வரிசையிலிருந்து ஓரடி முன்னால் வந்து வலது கையை உயர்த்த வேண்டும் என்பது விதி. சிவராஜ் அந்த ஓரடியை எடுத்து வைக்கிற கம்பீரத்தைப் பார்க்கவே கூட்டம் சேரும். அந்தப் பழக்கம் மேடையோடு நிற்கவில்லை. வங்கியில் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டாலும் ஓரடி முன்னால் வந்து கையைத் தூக்குவான். ரேஷன் கடையில் பெயரைக் கூப்பிட்டாலும் அதே கதைதான். பக்கத்தில் மீன் வாங்க நிற்கிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவன் கண்டுகொள்ள மாட்டான்.

"ஒடம்பு பேசோணுமுங்க. வாய் பேசப்படாது." இது அவன் அடிக்கடி சொல்வது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது பூர்ணிமாவிடம் பேசிய முதல் வாக்கியமும் இதுவேதான். பாவம் பூர்ணிமா, பதிலுக்குக் காப்பித் தம்ளரை நீட்டினாள். அவன் விரல்களுக்குள் அந்தத் தம்ளர் காணாமலே போனது. அன்றைக்கே அவள் மனசும் அதற்குள் போய்விட்டது.

கல்யாணமாகி ஐந்து வருடம். வீட்டில் போட்டிகளில் வென்ற கோப்பைகள் அடுக்க இடமில்லை. தொட்டில் கட்ட மட்டும் இடம் காலியாகவே கிடந்தது.

யாரைக் கேட்பார்கள்? பூர்ணிமாவைத்தான் கேட்டார்கள். கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் பச்சைத் தண்ணீரோடு கிடந்தவள் அவள். காளிகாட்டில் நூல் கட்டியவள் அவள். எல்லாரும் மாஷிமா என்று கூப்பிடுகிற மாடிவீட்டு வங்காளி அம்மாள் கொடுத்த வேரை அரைத்துக் குடித்து வாந்தி எடுத்தவளும் அவள்தான். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, ஊசி குத்தி, குழாய் விட்டு, படம் பிடித்து, அவள் உடம்பில் பார்க்காத இடமில்லை என்று ஆக்கினார்கள். சிவராஜும் தவறாமல் கூடப் போவான். கூட என்றால் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும். உள்ளே பெண்களாக உட்கார்ந்திருப்பார்கள். புருஷன்மாரெல்லாம் எதிரிலுள்ள டீக்கடையில். அங்கே சிவராஜுக்குச் சர்க்கரை போடாத எலுமிச்சை டீ தயாராக இருக்கும்.

அவனைச் சோதிக்க வேண்டும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? கோயில் வாசலில் கதாயுதத்தோடு நிற்கிற துவாரபாலகரைப் பார்த்து, 'ஐயா, உமக்கு ஏதேனும் குறை உண்டா?' என்று யாராவது கேட்பார்களா?

கேட்ட ஒரே ஆள் டாக்டர் ஜலஜா. பவானிபூரில் சின்ன கிளினிக். அரைநரை. கண்ணாடிக்கு மேலே பார்க்கிற கண்கள். தமிழ் பேசுவார் என்று யாரோ சொல்லித்தான் பூர்ணிமா போனாள். முதல் நாளே டாக்டர் அவளுடைய ஃபைலைப் புரட்டிவிட்டு மூடிவைத்தார். "உங்க வீட்டுக்காரர் எங்கே? டீக்கடையிலயா? போய்க் கூட்டிட்டு வாங்க."

சிவராஜ் பக்கவாட்டில் நுழைந்தான்.

"இவங்களுக்கு எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு. எல்லாம் நல்லா இருக்கு. உங்களோட டெஸ்ட் எங்கே?"

சிவராஜ் சிரித்தேவிட்டான். "என்னோடதுங்களா? என்னையப் பார்த்தாத் தெரியலீங்களா டாக்டர்?"

"பார்த்ததனாலதான் கேக்கறேன்" என்றார் டாக்டர். "இந்த உடம்புக்கு ஊசி போட்டுக்கறீங்களா?"

சிரிப்பு அப்படியே நின்றது. பூர்ணிமா அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் குப்பைக் கூடையில் கிடக்கிற சின்னக் கண்ணாடிக் குப்பிகள் அவள் நினைவுக்கு வந்தன. சத்து ஊசி என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தான். அவனும் அப்படித்தான் நம்பினான். சதைக்குச் சத்து, ஆம்பளைக்குப் பலம் என்று சொல்லித்தான் மன்றத்துப் பக்கம் வருகிற ஓர் ஆள் விற்றான்.

சோதனை முடிவு வந்தது. உயிரணு என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. குறைவு என்றுகூட இல்லை. இல்லவே இல்லை.

டாக்டர் ஜலஜா பொறுமையாகத்தான் விளக்கினார். "வெளியிலேர்ந்து அந்த ஹார்மோன் ஊசியா வந்துட்டே இருந்தா, இனி நாம செய்ய வேண்டாம்னு உடம்பு நினைச்சுக்கும். வெளியில சதை ஏறும், உள்ளே பட்டறையைப் பூட்டிடும். ஊசியை நிறுத்தணும். பெரும்பாலானவங்களுக்குத் திரும்ப வரும். மாசக்கணக்குல ஆகும், வருஷம்கூட ஆகலாம். சத்தியம் பண்ணித் தர என்னால முடியாது."

"அப்போ... தப்பு எம்மேலதானுங்களா?"

"தப்புன்னு நான் சொல்லல. காரணம்னு சொல்றேன். பிள்ளையில்லாம வர்ற தம்பதிகள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு ஆம்பளை பக்கமும் காரணம் இருக்கு. ஆனா முதல் ஊசியை என்னமோ எப்பவும் பொம்பளைக்குத்தான் குத்தறோம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் பூர்ணிமா உட்கார்ந்திருந்தாள். சிவராஜ் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளருகே நின்றான். அவன் பார்வை அவள் முழங்கையின் உட்புறத்திலேயே இருந்தது. ஐந்து வருடத்து ஊசித் தடங்கள் அங்கே கறுத்துக் கிடந்தன. கூட்டத்துக்கு நடுவில், எல்லாரும் பார்க்க, அந்த மலைபோன்ற மனிதன் குனிந்து ஒற்றை விரலால் அந்த இடத்தைத் தொட்டான்.

"வலிச்சுதா கண்ணு?"

ஐந்து வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி! பூர்ணிமா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழக் கூடாது என்று பார்த்தாள், முடியவில்லை.

வீட்டில் அருக்காணி வேறொரு கணக்கில் இருந்தாள். பவானியில் தூரத்து உறவில் ஒரு பெண் இருக்கிறதாம். போனில் பேச்சுக்கூட ஆரம்பித்துவிட்டாள். "ஒரு கொடிக்குக் காய்க்கலீன்னா பந்தலையா பிரிச்சுப் போடுவாங்க? இன்னொரு கொடிய நட வேண்டீதுதான்" என்று மருமகள் காதில் விழும்படியே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கொடியில குத்தமில்ல. பந்தல்லதான் குத்தம்" என்றான் சிவராஜ். எல்லாவற்றையும் சொன்னான்.

அருக்காணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கோப்பைகளையே பார்த்தாள். பிறகு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். "மெதுவாப் பேசு சாமி. மாடியில மாஷிமா கேட்டுப்போடுவா. இது ஊட்டுக்குள்ளயே இருக்கட்டும். உன்ற பேரு என்னாவறது?"

அந்த ஒரு பேச்சை சிவராஜ் கேட்டான். அதுதான் பிசகாகப் போனது.

ஊசியை நிறுத்தினான். டாக்டர் சொன்ன மாத்திரைகளைச் சாப்பிட்டான். மாதங்கள் போகப் போக உடம்பு இறங்கியது. அருக்காணி தைத்துவைத்த சட்டைக் கைகள் அவன் புஜத்தில் மணிபோலத் தொங்கின. எடையைத் தூக்கினால் கை நடுங்கியது. சாயங்காலம் பூர்ணிமா பார்க்கிற வங்காளி சீரியலில் கதாநாயகி அழுதால், இவன் அவளுக்கு முன்பே அழுதான். "ஊசிய நிறுத்துனா இப்படித்தான் இருக்கும்னு டாக்டர் சொன்னாங்களே, சரியாப் போயிருமுங்க" என்று அவள் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிடுவாள். துடைத்துவிட்டு, அவளும் கொஞ்சம் அழுவாள்.

பேட்டைக்காரர்கள் பார்த்தார்கள். வாய் சும்மா இருக்குமா? "ஆஹா ரே! ஷிபுவைப் பாரு. பிள்ளையில்லாத ஏக்கம் மனுஷனைத் தின்னுடுச்சு" என்றாள் மாஷிமா. அந்தப் பேச்சு தெருவைச் சுற்றி வந்தபோது, தின்றது ஏக்கமாக இல்லை, பூர்ணிமாவாக மாறியிருந்தது. அவன் மௌனமாக இளைக்க இளைக்க, பழி அவள்மேல் சதை போட்டது.

மாஷிமாவின் மகளுக்கு 'ஷாத்' விருந்து வந்தது. நம்மூர் வளைகாப்பு மாதிரி, பிள்ளைத்தாய்ச்சிக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் போடுகிற சடங்கு. மாடியில் எந்த விசேஷமானாலும் பாயசம் பூர்ணிமாவின் பொறுப்பு. பால் வாங்கி, குங்குமப்பூ ஊறவைத்து, கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தாள். கூப்பிடவில்லை. மேலே சங்கு ஊதுகிற சத்தம் மட்டும் கேட்டது. என்னவென்று கேட்கப் படியேறிய சிவராஜ் பாதியிலேயே நின்றுவிட்டான். மாஷிமாவின் குரல் தெளிவாக வந்தது. "மலை மாதிரி இருந்த புருஷனையே உருக்கிட்டா. இன்னிக்கு அவ நிழல் என் பொண்ணு மேல படவேணாம்."

சிவராஜ் இறங்கி வந்தான். வாசலில் பால் பாத்திரத்தோடு நிற்கிற மனைவியைப் பார்த்தான். அந்தப் பாலை அப்படியே வாங்கிக் குடித்துவிட்டு, "இந்த வருஷம் போட்டிக்கு நீயும் வா கண்ணு. முன்வரிசையில உக்காரு" என்றான்.

தை மாதக் குளிரில், மன்றத்து மைதானத்தில், மேடை போட்டிருந்தார்கள். சிவராஜ் போட்டியில் இல்லை. பழைய வெற்றிவீரருக்குப் பொன்னாடை போர்த்துவதாக மன்றச் செயலர் நிர்மால்யதா ஏற்பாடு செய்திருந்தார். நல்ல மனிதர்தான், வாய்தான் நீளம். மைக்கைப் பிடித்து உருகினார். "வீட்டில் எத்தனை துயரமோ! அந்தத் துயரம் எங்கள் ஷிபுதாவின் உடம்பைத்தான் கரைத்தது. மனசைக் கரைக்க முடியவில்லை!"

கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் பூர்ணிமா புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டாள். பக்கத்து நாற்காலிப் பெண்கள் அவளை ஒருமுறை பார்த்து, பார்வையை எடுத்துக்கொண்டார்கள்.

சிவராஜ் பொன்னாடையை வாங்கித் தோளில் போட்டுக்கொள்ளவில்லை. மடித்து மேசைமேல் வைத்தான். மைக்கை வாங்கினான். அவன் பேசியது வங்காளத்தில். பூர்ணிமாவின் நெஞ்சுக்குள் அது பச்சைத் தமிழாகவே இறங்கியது.

"உடம்பு பேச வேண்டும், வாய் பேசக் கூடாது என்று இதே மேடையில் சொல்லியிருக்கிறேன். என் உடம்பு இத்தனை வருடம் பேசியது. அது பேசியது பொய். இந்தச் சதை பயிற்சியில் மட்டும் வந்தது இல்லை. ஊசியில் வந்தது. அந்த ஊசியினால்தான் எனக்குக் குழந்தை இல்லை. குறை என் மனைவியிடம் இல்லை. என்னிடம். ஐந்து வருடம் அவள் ஊசி குத்திக்கொண்டாள். நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்."

நிர்மால்யதா மைக்கை வாங்குவதற்குக் கையை நீட்டி, வெறுங்கையோடு நின்றார். பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞன் கத்தினான். "ஷிபுதா! இதையெல்லாமா மைக்கில் சொல்றது?"

சிரிப்பு கிளம்பியது. சிவராஜ் அது அடங்கும்வரை காத்திருந்தான்.

"அவளைப் பற்றி நீங்கள் எல்லாரும் மைக் இல்லாமலே பேசினீர்களே தம்பி. அது எனக்கே கேட்டது. என் சத்தம் உங்கள் எல்லாருக்கும் கேட்க வேண்டாமா?"

சிரிப்பு செத்தது. அவன் இறங்கி வந்தான். தொளதொளச் சட்டை, ஒட்டிய கன்னம், படியில் பார்த்துப் பார்த்து வைக்கிற கால். அவன் எத்தனையோ கோப்பைகளோடு அந்தப் படியில் இறங்கியதை பூர்ணிமா பார்த்திருக்கிறாள். அப்போதெல்லாம் இவன் என் புருஷன் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். அன்றைக்கு அவள் மனசுக்குள் சொல்லிக்கொள்ளவில்லை. எழுந்து நின்றாள். நாற்காலிப் பெண்கள் அத்தனை பேரும் பார்க்க, அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மகாராணி நடப்பதுபோல அந்த மைதானத்தைக் கடந்து நடந்தாள்.

மறுநாள் காலையில் அருக்காணி மிளகாயும் உப்பும் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். போட்டி முடிந்த மறுநாள் மகனுக்குத் திருஷ்டி கழிப்பது அவள் வழக்கம். "உக்காரு" என்றாள். சிவராஜ் உட்கார்ந்தான். அவள் கை சுற்றாமல் நின்றது. சமையலறைப் பக்கம் திரும்பி, "ஏ பூர்ணிமா! உனக்குத் தனியாச் சொல்லோணுமா? நீயும் வந்து உக்காரு. ஊர்க்கண்ணு பூராம் உன்ற மேலதான் கெடந்துச்சு" என்று அதட்டினாள். இரண்டு தலைகளுக்கும் சேர்த்துச் சுற்றி, அடுப்பில் போட்டாள். நெடி தாங்காமல் மூன்று பேரும் இருமினார்கள். பவானிக்கு அதற்குப் பிறகு போன் போகவில்லை.

மாஷிமா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஒரு கிண்ணம் பாயசத்தோடு படியிறங்கி வந்து, தன் மருமகளைக் கூப்பிடுவதுபோல, "பௌமா, உன் கைப்பக்குவம் வரலை. என்ன குறைன்னு சொல்லு" என்றாள். பூர்ணிமா ருசி பார்த்தாள். "குங்குமப்பூ குறைச்சல் மாஷிமா. எங்கிட்ட ஊறவெச்சது அப்படியே இருந்துச்சு" என்று மட்டும் சொன்னாள். மாஷிமா தலையைக் குனிந்துகொண்டாள்.

மன்றத்தில் இப்போது வேறு விதமான கூட்டம். ஒவ்வொருவராக வந்து, அவனைக் கதவுக்குப் பின்னால் கூட்டிப் போய், "ஷிபுதா, நானும் அந்த ஊசி..." என்று இழுக்கிறார்கள். மைக்கில் சொல்வதா என்று கத்தினவனும் அதில் ஒருவன். அவனுக்கு வைகாசியில் கல்யாணமாம். சிவராஜ் யாரையும் திட்டுவதில்லை. "டாக்டரைப் பாரு. பொண்டாட்டிய அனுப்பாதே, மொதல்ல நீ போ" என்பான். ஊசி விற்கிற ஆள் அந்தத் தெருப் பக்கமே வருவதில்லை.

இன்று மறுபடி சோதனை நாள். அதற்காகத்தான் காலையிலேயே முட்டை, சலவைச் சட்டை, அவசரம் எல்லாம். பூட்டிய பட்டறை திறந்ததா இல்லையா என்று இன்றைக்குப் பார்க்கப்போகிறார்கள்.

பவானிபூர் டீக்கடைக்காரர் அவனைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார். "ஷிபுதா! சர்க்கரை இல்லாம, எலுமிச்சை!" என்று கண்ணாடித் தம்ளரை உயர்த்தினார். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த புருஷன்மார் நகர்ந்து இடம் விட்டார்கள். சிவராஜ் கையசைத்துவிட்டு, மனைவியோடு உள்ளே போனான்.

கூடம் நிறையப் பெண்கள். ஒரே ஓர் ஆண். இந்தப் பெண்களின் நடுவே உட்கார அவனுக்குக் கூச்சம்தான். காலைச் சேர்த்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவன்போல இருந்தான். பூர்ணிமா உள்ளறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால்? அவள் மெல்ல அவன் பக்கம் பார்த்தாள். அவன் உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. முருகன் பெயராக இருக்கும்.

உள்ளறைக் கதவு திறந்தது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஃபைலைப் பார்த்தாள். "பூர்ணிமா சிவராஜ்... பேஷன்ட் கே?" என்று, யார் பேஷன்ட் என்பதை வங்காளத்தில் கேட்டுக்கொண்டே, கேள்விக்குப் பதில் தெரிந்தவள்போல நேராக பூர்ணிமாவைப் பார்த்து விரலை அசைத்தாள்.

ஐந்து வருடப் பழக்கம். பூர்ணிமாவின் உடம்பு தானாகவே நாற்காலியிலிருந்து எழ ஆரம்பித்தது.

அவள் தோளை மெதுவாக அழுத்தி உட்காரவைத்துவிட்டு, சிவராஜ் எழுந்தான். தொளதொளச் சட்டையை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டான். கூடத்துப் பெண்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, நாற்காலி வரிசையிலிருந்து ஓரடி முன்னால் வந்து, வலது கையை நேராக மேலே உயர்த்தினான்.